கல் பொறுக்கும் உரிமை: ஒரேகான் கடற்கரையின் கதை

இன்னைக்கு நாம போகப்போறது ஒரு கடற்கரைக்கு. மெரினா மாதிரி சுண்டல், மிளகாய் பஜ்ஜி, குதிரை சவாரி எல்லாம் எதிர்பார்க்காதீங்க. இது ஜனவரி மாசம். பக்கவாட்டில் அடிக்கிற மழை, காதை அறுக்கிற குளிர்காற்று. இடம், அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில் பசிபிக் பெருங்கடலை ஒட்டி இருக்கிற ஒரேகான் மாநிலம். அங்கே ரெயின்கோட்டும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு, கையில் ஒரு சின்ன வாளியோடு, குனிந்த தலை நிமிராமல் மெதுவாக நடந்துபோகிறவர்களைப் பார்க்கலாம். மோதிரத்தைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார்களோ என்று தோன்றும். ஆனால் அவர்கள் கல் பொறுக்குகிறார்கள். அகேட் என்கிற கண்ணாடி போன்ற கல்லையும், கல்லாகிப்போன பழைய உயிர்களையும், அதாவது ஃபாசில்களையும் தேடுகிறார்கள்.

கேட்க ரொம்ப சாதாரணமான பொழுதுபோக்கு, இல்லையா? ஆனால் இவர்கள் இப்படி யாரிடமும் கேட்காமல் அந்த மணலில் நடக்க முடிவதற்குப் பின்னால் ஒரு தந்திரமான சட்டம், ஒரு வேலித் தகராறு, ஒரு நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் இருக்கின்றன. அந்தத் தீர்ப்பு யாருடைய வாழ்க்கையைச் சாட்சியாக வைத்து எழுதப்பட்டது என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்த விஷயம். அதற்குப் பிறகு வருவோம். முதலில் கல்.

ஏன் குளிர்காலம்?

வெயில் காலத்தில் அலை சின்னதாக, நிதானமாக வரும். வரும்போது மணலைக் கொண்டுவந்து கரையில் சேர்க்கும். அதனால் கோடையில் கடற்கரை அகலமாக, மெத்தை மாதிரி இருக்கும். குளிர்காலத்தில் கதை தலைகீழ். பசிபிக்கில் உருவாகும் புயல்கள் பெரிய அலைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். அவை மணலை அரித்து எடுத்துக்கொண்டுபோய், கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலுக்கு அடியில் திட்டாகச் சேர்த்துவைக்கும். சில இடங்களில் ஓர் ஆள் உயரத்துக்குக்கூட மணல் இறங்கிவிடும். அப்போது கோடை முழுவதும் அடியில் மூடிக்கிடந்த கூழாங்கல் படுகை வெளியே வரும். அடுத்த கோடையில் அதே அலை மணலைத் திருப்பிக் கொண்டுவந்து மூடிவிடும்.

கல்லோடு சில சமயம் வேறு விஷயங்களும் வெளியே வரும். நெஸ்கோவின் என்ற ஊரின் கடற்கரையில் 1997-98 குளிர்காலப் புயல்கள் மணலை அரித்தபோது, சுமார் 2,000 ஆண்டுகள் பழைய ஸ்ப்ரூஸ் மரங்களின் அடிமரங்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. ஒரு காடே மணலுக்குள் நின்றுகொண்டிருந்திருக்கிறது. அதனால்தான் அங்கே கல் தேடுபவர்கள் புயல் அறிவிப்பையும், கடல் உள்வாங்கும் நேர அட்டவணையையும் சேர்த்தே பார்ப்பார்கள். புயல் ஓய வேண்டும், கடலும் உள்ளே போயிருக்க வேண்டும். அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் வேட்டை.

அகேட் எப்படி உருவாகிறது? எரிமலைக் குழம்பு ஆறும்போது உள்ளே சிக்கிய வாயு, குமிழ் குமிழாகப் பொந்துகளை விட்டுவைக்கும். நம்ம வீட்டு ரவா இட்லியைப் பிட்டால் உள்ளே ஓட்டைகள் தெரியுமே, கிட்டத்தட்ட அப்படி. அந்தப் பொந்துகளுக்குள் சிலிக்கா கலந்த நிலத்தடி நீர் கசிந்து கசிந்து, ஒரு படலத்தின் மேல் இன்னொரு படலமாகப் படிந்து, லட்சக்கணக்கான ஆண்டுகளில் கல்லாக இறுகும். வெளியே இருக்கும் எரிமலைப் பாறையைக் காற்றும் மழையும் கரைத்துவிடும். உள்ளே இருக்கும் அகேட்டைக் கத்தியால் கீறினாலும் கீறல் விழாது, அவ்வளவு கெட்டி. பாறை போன பிறகும் கல் நிற்கும். ஆறு அதை உருட்டிக் கடலில் சேர்க்கும், கடல் அதை மெருகேற்றும்.

தேடுவதற்கு ஒரு சூட்சுமம் இருக்கு. சூரியன் தாழ்வாக இருக்கும்போது அதை நோக்கி நடக்க வேண்டும். சாதாரணக் கூழாங்கல் வெளிச்சத்தை மறைத்துக் கறுப்பாகத் தெரியும். அகேட்டுக்குள் வெளிச்சம் ஊடுருவும். ஈரக் கற்களுக்கு நடுவில் அது மட்டும் தேன் துளி மாதிரி மின்னும்.

இந்தக் கல் நமக்கும் அந்நியம் இல்லை. கீழடியிலும் கொடுமணலிலும் அகழாய்வில் கிடைத்த மணிகளில் அகேட் மணிகளும் உண்டு, அதன் சிவப்புச் சகோதரனான சூதுபவளமும் உண்டு. நம்ம ஊரில் 2,000 ஆண்டுகளுக்கு முன்னாடி கழுத்தில் தொங்கிய கல் குடும்பம்தான் இது.

கல்லாகிப்போன திமிங்கலங்கள்

அடுத்து ஃபாசில். ஒரேகானின் நடுக் கடற்கரையில், நியூபோர்ட் என்ற ஊருக்கு வடக்கே, பெவர்லி பீச் பக்கம் கடலோரச் செங்குத்துப் பாறைகள் சாம்பல் நிறத்தில் நிற்கும். இவை ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் படிந்த சேறும் மணலும். மயோசீன் காலம், ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. குளிர்கால அலை இந்தப் பாறையின் அடியை அடித்து உடைக்கும். உடைந்து விழும் கட்டிகளுக்குள் சிப்பிகள், நத்தைகள், சில சமயம் திமிங்கல எலும்புகள்.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆகணும். டக்ளஸ் எம்லாங். 1942இல் பிறந்தவர், இந்தக் கடற்கரையில் வளர்ந்தவர், சொந்த ஆர்வத்தில் ஃபாசில் தேடியவர். 1964இல், அப்போது அவருக்கு 22 வயது, சீல் ராக் என்ற இடத்துக்கு அருகே ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைக் கண்டுபிடித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவரே அதை விவரித்து ஆய்வுக் கட்டுரை எழுதி, ஏட்டியோசீட்டஸ் என்று பெயரும் வைத்தார்.

அது ஏன் முக்கியம் என்றால், இன்றைக்கு இருக்கிற நீலத் திமிங்கலம் போன்றவற்றுக்குப் பல் கிடையாது. வாயில் சீப்பு மாதிரித் தொங்கும் தகடுகளை வைத்துச் சின்னஞ்சிறு உயிர்களை வடிகட்டிச் சாப்பிடும். ஆனால் எம்லாங் கண்டுபிடித்தது அந்தக் குடும்பத்தின் பழைய உறவினர். அதற்குப் பல் இருந்தது. பல் வைத்துக் கடித்த திமிங்கலம் எப்படி வடிகட்டும் திமிங்கலமாக மாறியது என்ற கேள்வியில் இது ஒரு பெரிய துப்பு. எம்லாங் சேர்த்தவை பிறகு வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயின. கடல் பாலூட்டிகளின் வரலாற்றை எழுதுபவர்கள் இன்றும் அவற்றை ஆராய்கிறார்கள். அழிந்துபோன சில விலங்குகளுக்கு அவருடைய பெயரே வைக்கப்பட்டிருக்கிறது.

1980இல், 38 வயதில், ஆட்டர் க்ரெஸ்ட் என்ற கடலோரச் செங்குத்துப் பாறையிலிருந்து விழுந்து எம்லாங் இறந்துபோனார்.

இந்த வேலையில் அவசரம் எங்கே இருக்கு என்று யோசித்துப் பாருங்க. ஒரு புயல் எலும்பை வெளியே காட்டும். அடுத்த புயல் அதை நொறுக்கிவிடும். நடுவில் யாராவது அந்த வழியாக நடந்து போயிருக்க வேண்டும். தினமும் நடக்கிற ஒருத்தர், பார்க்கத் தெரிந்த ஒருத்தர். அப்படி நடப்பதற்கு அந்தக் கடற்கரை திறந்திருக்க வேண்டும். அது எப்படித் திறந்திருந்தது?

முதலில் அது யாருடையது?

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில், அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்த பழங்குடி மக்களுடையது. டில்லமூக், அல்ஸி, யக்வினா, கூஸ் என்று பல மக்கள். சிப்பி தோண்டி, மீன் பிடித்து, கடலையும் ஆற்று முகத்துவாரங்களையும் நம்பி வாழ்ந்தவர்கள்.

1855இல் அமெரிக்க அரசு கடற்கரைப் பழங்குடிகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. அந்த ஒப்பந்தத்தை அமெரிக்க செனட் கடைசிவரை அங்கீகரிக்கவே இல்லை. ஆனால் நிலம் மட்டும் போய்விட்டது. அதே ஆண்டு, ஜனாதிபதியின் உத்தரவில் கடலோரமாகச் சுமார் 11 லட்சம் ஏக்கர் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. மேற்கு ஒரேகானின் பல பகுதிகளிலிருந்து, வெவ்வேறு மொழி பேசும் மக்களை அங்கே கொண்டுவந்து குடியேற்றினார்கள். சரி, அதையாவது விட்டுவைத்தார்களா? பத்தே ஆண்டுகள். யக்வினா விரிகுடாவில் நல்ல சிப்பி இருக்கிறது, சான் பிரான்சிஸ்கோவின் ஹோட்டல்களில் அதற்குக் கிராக்கி. 1865இல் அந்த விரிகுடாவைச் சுற்றிய பகுதியை அறுத்து எடுத்து வெள்ளையர் குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டார்கள். 1875இல் இன்னும் பெரிய பகுதிகள் போயின. யக்வினா விரிகுடாவின் வாயில்தான் நியூபோர்ட் ஊர் எழுந்தது. ஊருக்கு வடக்கே ஒரு கடற்கரைக்குப் பெயரே அகேட் பீச்.

ரோடு என்று சொன்ன கவர்னர்

1874 முதல் ஒரேகான் அரசு, அலை வந்து நனைத்துப்போகும் ஈர மணலைக்கூடத் தனியாருக்கு விற்க ஆரம்பித்தது. சுமார் 23 மைல் நீளம் விற்றுப்போனது. இந்த நேரத்தில் கவர்னராக வந்தவர் ஆஸ்வால்ட் வெஸ்ட். கடற்கரை மக்களுக்கே இருக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. ஆனால் “கடற்கரையைப் பொதுவாக்குவோம்” என்று நேரடியாகச் சொன்னால் சட்டமன்றத்தில் எதிர்ப்பு வரும். அவர் என்ன செய்தார் தெரியுமா? வடக்கே கொலம்பியா ஆற்றிலிருந்து தெற்கே கலிஃபோர்னியா எல்லை வரை ஈர மணல் முழுவதும் பொது நெடுஞ்சாலை என்று ஒரு சின்ன மசோதா கொண்டுவந்தார். செலவே இல்லாமல் அரசுக்கு இவ்வளவு நீள சாலை கிடைக்கிறது என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? 1913இல் நிறைவேறிவிட்டது. இது வெறும் சாக்கும் இல்லை. மலையும் காடும் நிறைந்த அந்தக் கரையோரத்தில் நல்ல சாலைகள் வரும்வரை, கடல் உள்வாங்கிய நேரத்தில் இறுகிய ஈர மணலில்தான் வண்டிகள் ஓடின.

எனக்கு இதைப் படித்ததும் நம்ம ஊர் வார்த்தை ஒன்றுதான் ஞாபகம் வந்தது: புறம்போக்கு. வரி விதிக்கப்படாத, தனி ஒருவருக்குச் சொந்தமாகாத, எல்லாருடைய பயன்பாட்டுக்கும் உள்ள நிலம். அவ்வளவு நல்ல சொல்லை நாம திட்டுவதற்குப் பயன்படுத்துறோம். வெஸ்ட் செய்ததை நம்ம ஊர் தாசில்தார் பாஷையில் சொன்னால், மாநிலத்தின் மொத்த ஈர மணலையும் ரோடு புறம்போக்காக எழுதிவிட்டார்.

வேலி

ஈர மணல் சரி. அதற்கு மேலே, அலை எட்டாத காய்ந்த மணல்? நீங்க ஈர மணலுக்குப் போகணும்னா அதைக் கடந்துதானே போகணும். உட்காருவதும் அங்கேதான், அடுப்பு மூட்டுவதும் அங்கேதான். அது பொது இடம் என்றே எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

1966இல் கேனன் பீச் என்ற ஊரில், வில்லியம் ஹே என்ற மோட்டல் உரிமையாளர் தன் மோட்டலுக்கு முன்னால் இருந்த காய்ந்த மணலில் கட்டைகளை வைத்துத் தடுப்பு போட்டார். எங்கள் விருந்தினர்களுக்கு மட்டும் என்றார். புகார் போனது. அதிகாரிகள் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால், 1913 சட்டம் ஈர மணலோடு நின்றுவிட்டது. காய்ந்த மணலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

1967இல் அந்த ஓட்டையை அடைக்க ஒரு மசோதா வந்தது. குழுவில் சிக்கிக்கொண்டு கிடந்தது. பத்திரிகைகள் அதை ‘பீச் பில்’ என்று பெயர் சொல்லி எழுத ஆரம்பித்ததும், மக்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. கவர்னர் டாம் மெக்கால் முன்னாள் டிவி செய்தியாளர், கேமராவுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவர். மே மாதம் ஹெலிகாப்டரில், நில அளவையாளர்களோடு நேராகக் கடற்கரையில் போய் இறங்கினார். பொது மணல் எதுவரை, தனியார் நிலம் எங்கே தொடங்குகிறது என்று அளந்து காட்டினார். படங்கள் மாநிலம் முழுவதும் போயின. ஜூலை 6 அன்று மசோதா சட்டமானது. செடிகொடி வளரத் தொடங்கும் எல்லை வரை மணலில் மக்களுக்கு நடமாடும் உரிமை உண்டு. பட்டா யார் பேரில் இருந்தாலும் வேலி போட முடியாது.

விவகாரம் நீதிமன்றம் போனது. 1969இல் ஒரேகான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

வழக்கமும் வழக்கும்

நீதிபதிகள் அந்தத் தீர்ப்புக்குப் பிடித்துக்கொண்டது பழைய ஆங்கிலேயச் சட்டத்தில் இருக்கும் ஒரு கோட்பாடு. ஓர் இடத்தை மக்கள் நினைவுக்கெட்டாத காலத்திலிருந்து, இடைவிடாமல், சண்டை சச்சரவின்றி, நியாயமான முறையில் பயன்படுத்தி வந்தால், அந்த வழக்கமே சட்டமாகிவிடும். தமிழில் இது அழகாகப் பொருந்துகிறது பாருங்க. வழக்கம், வழக்கு, இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள்தான்.

சரி, நினைவுக்கெட்டாத காலம் என்றால் ஆதாரம் வேண்டுமே? ஒரேகான் மாநிலமானதே 1859இல்தான். இங்கிலாந்து கணக்குக்கு அது நேற்று. அப்போது நீதிமன்றம் எழுதியதன் சாரம் இது: முதல் ஐரோப்பியக் குடியேறிகள் வந்தபோது, பூர்வகுடி மக்கள் ஈர மணலில் சிப்பி தோண்டிக்கொண்டும், காய்ந்த மணலில் சமையலுக்கு நெருப்பு மூட்டிக்கொண்டும் இருந்தார்கள். புதிதாக வந்தவர்கள் அந்த வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். ஆகவே கடற்கரை எல்லாருக்கும் உரியது.

இங்கேதான் நான் நிறுத்தி மறுபடி படித்தேன். 1969இல் அந்தப் பூர்வகுடி மக்களின் நிலைமை என்ன தெரியுமா? 1954இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, மேற்கு ஒரேகானின் பழங்குடிச் சமூகங்களை அரசு இனி அங்கீகரிக்காது என்று முடித்துவைத்திருந்தது. கேனன் பீச் பக்கத்து கிளாட்சாப், டில்லமூக் மக்களின் பெயர்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. அதாவது, அவர்கள் மூட்டிய அடுப்பு நெருப்பு நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் சாட்சி. ஆனால் அவர்களே சட்டத்தின் கண்ணில் இல்லை. அவர்களுடைய வழக்கத்திலிருந்து பிறந்த உரிமை ஒரேகானுக்கு வந்து நிற்கும் ஒவ்வொருவருக்கும் கிடைத்தது. அவர்களுக்கு நிலம் திரும்பிவரவில்லை.

கடற்கரையோரப் பழங்குடிகள் பலர் ஒன்றுசேர்ந்த சிலெட்ஸ் சமூகம் விடாமல் போராடி 1977 நவம்பரில் அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றது. 1980இல் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்த நிலம் சுமார் 3,600 ஏக்கர். 11 லட்சம் ஏக்கரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

நான் இதைச் சொல்வது பீச் பில்லைக் குறைத்துப் பேச இல்லை. அது நல்ல சட்டம். இன்றைக்கும் ஒரேகானின் 363 மைல் கடற்கரையில் பணக்காரர் வீட்டுக்கு முன்னாலும் யாரும் தைரியமாக நடக்கலாம். ஆனால் ஒரு பொது உரிமைக்கு வெஸ்ட், மெக்கால் என்று இரண்டு கவர்னர்களின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனால், அந்த உரிமையின் வேரை விட்டுவிட்டுப் பேசுகிறோம்.

இப்போ

இன்று அங்கே விதி எளிமையானது. மேலே கிடக்கும் கல்லைக் கையால் பொறுக்கலாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் அளவு, கிட்டத்தட்ட நாலு லிட்டர் பாத்திரம். ஆண்டுக்கு மூன்று கேலன். செங்குத்துப் பாறையைத் தோண்டக் கூடாது. அடுத்தவருக்கும் மிச்சம் இருக்கணும் என்பதுதான் கணக்கு.

புதிய சிக்கலும் வந்திருக்கு. கடல் கரையை அரிக்க அரிக்க, மேலே வீடு வைத்திருப்பவர்கள் பாறாங்கற்களைக் கொட்டிச் சுவர் எழுப்பக் கேட்கிறார்கள். 1977க்கு முன்பே கட்டடம் வந்த இடங்களுக்கு மட்டும்தான் அந்த அனுமதி என்று மாநில விதி கட்டுப்படுத்துகிறது. வீடு போகிற பயம் நியாயமானதுதான். ஆனால் சுவர் எழுந்தால், அந்தச் செங்குத்துப் பாறையிலிருந்து மணலும் கல்லும் கீழே வருவது நிற்கும், அலைக்கும் சுவருக்கும் நடுவில் மணல் ஒடுங்கிக்கொண்டே போகும். வேலி போட்டுத் தடுக்க முடியாததைச் சுவர் மெதுவாகச் செய்துவிடும். அரை நூற்றாண்டுக்கு முன் முடிந்த வாக்குவாதம் வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது.

யாராவது குளிர்காலத்தில் அந்தப் பக்கம் போனால் ஒரே ஒரு எச்சரிக்கை. அங்கே உள்ளூர்க்காரர்கள் குழந்தைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது, கடலுக்கு முதுகைக் காட்டாதே என்பதுதான். அமைதியாக இருக்கும்போதே திடீரென ஒரு பேரலை கரையில் வெகுதூரம் ஏறி வரும், கரையில் கிடக்கும் ராட்சத மரக்கட்டைகளையே உருட்டும். ஆட்கள் இறந்திருக்கிறார்கள். கல்லைப் பார்த்துக்கொண்டே நடங்க, ஆனா கடல் மேலயும் ஒரு கண் இருக்கட்டும்.

உங்க ஊர்ல எல்லாரும் காலங்காலமாகப் பயன்படுத்தி, யார் பேரிலும் எழுதப்படாத ஓர் இடம் இருக்கா? ஏரிக்கரை, மேய்ச்சல் நிலம், ஆற்றுப்படுகை, மீனவர்கள் வலை உலர்த்தும் மணல், எதுவாக இருந்தாலும் சரி. அங்கே யார் என்ன செய்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு வாய்ஸ் நோட்டாக அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சிலதைப் போட்டுக் கேட்கலாம்.